வன்னிக் குளங்களுக்கு இறகுத் தூண்டில்: முதல் ஐந்தைத் தெரிவது எப்படி

மண்புழுவை முள்ளில் கோர்த்து, வாய்க்கால் மதகில் குந்தியிருந்து கெண்டை பிடிக்க வன்னிப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. இறகுத் தூண்டில் வேறு வேலை. இறகு, நூல், நுரைத்துண்டு என்று கையில் கிடைப்பதை முள்ளில் கட்டி, பூச்சி போலவோ மீன்குஞ்சு போலவோ ஒரு பொய் இரை செய்து, அதைத் தண்ணீரில் உயிருள்ளது போல அசைத்து மீனைக் கடிக்கவைக்கிற முறை இது. அந்தப் பொய் இரையைத்தான் கடைகளில் ‘ஃப்ளை’ என்று விற்கிறார்கள். விடுமுறைக்கு வந்த மாமா விட்டுப்போன தடியைக் கையில் வைத்துக்கொண்டு, “இதுக்கு என்ன ஃப்ளை வாங்கிறது?” என்று கேட்கிற இளையவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஐந்து வகை போதும். இணையக் கடைகளில் நூற்றுக்கணக்கில் படம் போட்டிருப்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை குளிர்ந்த ஓடையில் வாழும் டிரவுட் மீனுக்காக உருவானவை. இலங்கையில் டிரவுட் இருப்பது நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்து மலை ஓடைகளில். அதுவும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் கொண்டுவந்து விட்ட மீன். நம்முடைய கனகராயன் ஆறும் பேராறும் பாலி ஆறும் அப்படியானவை அல்ல. மாரியில் கலங்கிப் பாயும், கோடையில் மடு மடுவாக வற்றும், தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். இங்கே இருப்பது திலாப்பியா, விரால், குறவை, கெண்டை, கெளிறு. ஆகவே எந்தப் பூச்சியின் படம் அழகாயிருக்கிறது என்று பார்த்து வாங்கினால் காசுதான் போகும். நம் மீன் எதைத் தின்கிறது என்று பார்த்துத் தெரிவு செய்ய வேண்டும்.

போகுமுன் கேட்க வேண்டியது

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன் போன்ற பெரிய குளங்களில் நன்னீர் மீன்பிடிச் சங்கங்கள் இருக்கின்றன. குளத்தில் விடும் மீன்குஞ்சிலும் வலையிலும் அவர்களுடைய சீவியம் இருக்கிறது. கரையில் வலை காயப்போடுகிறவரைக் கண்டால், “அண்ணை, இஞ்ச தூண்டில் போடலாமோ? எந்தப் பக்கம் வலை கிடக்கு?” என்று கேளுங்கள். போத்தல் மிதப்புகள் வரிசையாகத் தெரிந்தால் அது வலை, அந்தப் பக்கம் எறிய வேண்டாம். சுண்டிக்குளம் 2015 முதல் தேசியப் பூங்கா. அங்கேயும், சரணாலயமாக உள்ள மற்ற இடங்களிலும், வனசீவராசிகள் திணைக்களத்திடம் கேட்காமல் தடியோடு இறங்கக் கூடாது.

இன்னும் மூன்று விஷயம், இவற்றில் விட்டுக்கொடுப்பே இல்லை. ஒன்று, முதலை. வன்னிக் குளம் எதையும் முதலை இல்லாத குளம் என்று நினைக்காதீர்கள். தண்ணீருக்குள் இறங்கி நிற்க வேண்டாம். கரை விளிம்பிலிருந்து சில அடி தள்ளி, கட்டின் உயரமான பக்கத்தில் நில்லுங்கள். மீனைக் கரையில் வைத்து வெட்டிக் கழுவ வேண்டாம். இரண்டு, மிதிவெடி. ஆள் நடந்து பழகிய தடத்தை விட்டுக் காட்டுக்குள்ளோ பழைய மண்ணணைப் பக்கமோ போக வேண்டாம். சிவப்பில் மண்டையோடு போட்ட பலகை கண்டால் அப்படியே வந்த வழியே திரும்புங்கள். மூன்று, யானை. பொழுது சாய்கிற நேரத்தில்தான் மீன் நன்றாகக் கடிக்கும், யானை தண்ணீருக்கு வருவதும் அதே நேரம்தான். ஊரவர் “இனி நிக்காதேங்கோ” என்றால் உடனே சுருட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

தடி

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிநாட்டுத் தடியில் ஓர் எண் இருக்கும், அது தடிக்குப் பொருந்தும் நூலின் பாரத்தைக் குறிக்கிறது. திலாப்பியாவுக்கும் கெண்டைக்கும் 5 அல்லது 6, விராலுக்கு 8. தடி இல்லையென்றால் பத்துப் பன்னிரண்டு அடி மூங்கில் தடி போதும். ஜப்பானில் மலை ஓடைகளில் ‘தெங்காரா’ என்று ஒரு பழைய முறை உண்டு. அதில் றீல் கிடையாது, தடி நுனியில் நேரே நூல், அதன் முனையில் இறகுத் தூண்டில், அவ்வளவுதான். நம் மூங்கில் தடிக்கு அது அப்படியே பொருந்தும்.

இறகுத் தூண்டிலுக்குத் தன்பாரம் கிடையாது, நூலின் பாரம்தான் அதைக் கொண்டுபோகும். அதனால் தடி நுனியில் எட்டு ஒன்பது அடி தடித்த தங்கூசி (நைலோன் நூல்), அதன் முனையில் மூன்று நாலடி மெல்லிய தங்கூசி என்று கட்டுங்கள். விராலுக்கு மெல்லியது வேண்டாம், முழுவதும் தடித்ததாகவே இருக்கட்டும்.

தெரிவுக்கு முன் பத்து நிமிடம்

கரையில் நின்று முதலில் பாருங்கள். நீர்க்காகம் எங்கே முங்குகிறது, மீன்கொத்தி எந்தக் கொப்பில் இருக்கிறது, மீன்குஞ்சு எந்தப் பக்கம் சிதறித் துள்ளுகிறது என்று கவனியுங்கள். பிறகு நீண்ட கம்பு ஒன்றால் கரையோரத்துப் பாசியைக் கொஞ்சம் இழுத்தெடுத்து, வெள்ளைப் பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் விட்டு அதற்குள் உதறுங்கள். கலங்கல் அடங்கியதும் உள்ளே என்ன ஊர்கிறது என்று பாருங்கள்.

அநேகமாகத் தும்பியின் குஞ்சு இருக்கும். பறக்கிற தும்பியைப் பார்த்தவர்களுக்கு இதை அடையாளம் தெரியாது. சேற்று நிறம், ஆறு கால், பெரிய கண், சிறகு இருக்க வேண்டிய இடத்தில் சின்ன மடிப்பு. நெல்மணி அளவிலும் இருக்கும், பெருவிரல் நகத்தளவு கொழுத்ததும் இருக்கும். தொட்டால் நடக்காது. பின்பக்கத்தால் தண்ணீரைப் பீச்சி, விசுக்கென்று ஓர் அங்குலம் முன்னால் பாயும், நிற்கும், மறுபடி பாயும். இந்த அசைவை நன்றாக மனதில் பதித்துக்கொள்ளுங்கள், பிறகு தங்கூசியை இழுக்கும்போது அதைத்தான் செய்யப்போகிறீர்கள்.

காற்றையும் பாருங்கள். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் சோளகம் வீசும். தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று, புல்லில் இருக்கும் வெட்டுக்கிளி, எறும்பு, வண்டு எல்லாவற்றையும் தண்ணீரில் தள்ளி எதிர்க்கரைக்குக் கொண்டுபோகும். இரை ஒதுங்கும் கரையில் மீனும் ஒதுங்கும். இரணைமடுவின் கட்டு குளத்தின் வடக்குப் பக்கத்தில் இருப்பதால் சோளகத்து அலை அந்தப் பக்கமாகத்தான் வந்து அடிக்கும். எதிர்க்காற்றில் எறிவது புதியவருக்குக் கஷ்டம்தான். அப்படியென்றால் கட்டின் மூலையில், காற்று பக்கவாட்டில் படுகிற இடமாகப் பார்த்து நில்லுங்கள்.

மாரியில் குளம் நிரம்பி வான் பாய்கிற நாட்களில் தூண்டிலை வீட்டில் வையுங்கள். கலங்கிய தண்ணீரில் பொய் இரை மீனுக்குத் தெரியாது, வான் நீரின் இழுவையும் ஆளைக் கொண்டுபோகும். தை கடந்து நீர் தெளிந்த பிறகு ஆரம்பிப்பது நல்லது.

முதலாவது: தும்பிக்குஞ்சு

ஒன்றே ஒன்றுதான் வாங்கலாம் என்றால் இதை வாங்குங்கள். இன்னும் நல்லது, நீங்களே கட்டுங்கள். திலாப்பியா, கெண்டை, குறவை எல்லாம் எடுக்கும். முள் அளவு 10 அல்லது 12. எண் கூடினால் முள் சிறுக்கும், கடையில் இதை மறந்துவிடாதீர்கள்.

கட்டுவதற்கு வேண்டியவை: தையல் நூல், சேவலின் கழுத்து இறகு, பேட்டின் மெல்லிறகு ஒன்று, உதிர்ந்து கிடக்கும் மயில் தோகை ஒன்று, பழைய மோட்டர்ச் சுருளிலிருந்து மெல்லிய செப்புக்கம்பி, கொஞ்சம் கியூட்டெக்ஸ். வன்னியில் தோகைக்குப் பஞ்சமில்லை. உதிர்ந்ததை மட்டும் எடுங்கள், பறவையைத் தொடக் கூடாது.

குறட்டின் வாயில் முள்ளின் வளைவைக் கவ்வவைத்து, பிடியில் றப்பர் பாண்ட் சுற்றி இறுக்கி மேசையில் வையுங்கள். நூலை முள்ளின் காதுப்பக்கத்திலிருந்து வளைவு வரை நெருக்கமாகச் சுற்றுங்கள். சேவல் இறகின் இழை ஐந்தாறை வாலாக வைத்துக் கட்டுங்கள், வால் முள்ளின் பாதி நீளத்துக்கு மேல் வேண்டாம். அதே இடத்தில் செப்புக்கம்பியையும் தோகையின் இழை மூன்று நாலையும் சேர்த்துக் கட்டுங்கள். இப்போது தோகை இழைகளை ஒன்றாகப் பிடித்து முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வாருங்கள். பச்சையும் செம்புமாக மினுங்கும் தடித்த உடம்பு ஒன்று வரும். அதன்மேல் செப்புக்கம்பியை எதிர்த்திசையில் இடைவெளி விட்டுச் சுற்றுங்கள். தோகை இழை மெல்லியது, கம்பி இல்லாவிட்டால் இரண்டாவது மீனின் பல்லிலேயே அறுந்துவிடும். கம்பியின் பாரம் தூண்டிலை மெல்ல அமிழ்த்தவும் உதவும். கடைசியில் பேட்டிறகை முன்பக்கத்தில் இரண்டே சுற்றுச் சுற்றினால் கால்கள் வந்துவிடும். நூலை முடிச்சிட்டு வெட்டி, முடிச்சின்மேல் ஒரு சொட்டுக் கியூட்டெக்ஸ் விடுங்கள்.

காதுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் விட்டே முடியுங்கள். புதியவர் கட்டியதைப் பார்த்தாலே தெரியும், காது வரை அடைத்திருப்பார்கள். பிறகு தங்கூசி நுழையாது.

இதை எறிந்து, அமிழ விட்டு, ஓர் அங்குலம் இழுங்கள், நிறுத்துங்கள், மறுபடி இழுங்கள். பேசினில் பார்த்த அதே அசைவு. திலாப்பியா கடித்தால் கையில் வெட்டென்று தெரியாது. தங்கூசி நின்றுவிடும், அல்லது ஒரு பக்கமாக மெல்ல நகரும். கண் அதிலேயே இருக்க வேண்டும். நகர்ந்தால் தடியை நிதானமாக உயர்த்துங்கள்.

திலாப்பியா 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மீன், இப்போது நம் குளங்களின் முக்கிய மீனே அதுதான். ஆழமில்லாத இடத்தில் வட்டக் குழிகள் தெரிந்தால் அவை ஆண் திலாப்பியா கிண்டியவை. பெண் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும், அந்த நாட்களில் அநேகமாக இரை எடுக்காது. குழிக்கு மேலே தும்பிக்குஞ்சை மெல்ல இழுத்தால் பாய்ந்து கடிப்பது ஆண்தான்.

இரண்டாவது: விராலுக்குச் செருப்புத் தவளை

வன்னியில் இறகுத் தூண்டில் போடுகிறவர் எல்லாரும் கடைசியில் வந்து நிற்பது விராலிடம்தான். விரால் மேலே வந்து காற்றுக் குடிக்கிற மீன். அல்லி இலைகளுக்கும் ஆற்றுவாழைக்கும் நடுவில் பொளக் என்று ஒரு சத்தம், ஒரு வட்டம், இரண்டு மூன்று குமிழி. அது விரால் நிற்கிற இடம். அதற்குக் கொஞ்சம் அப்பால் எறிந்து, அதன் வழியாக இழுத்து வர வேண்டும்.

கடையில் பொப்பர் என்று விற்பார்கள், விலை அதிகம். பழைய பாட்டாச் செருப்பு ஒன்று இருந்தால் ஒரு டசின் செய்யலாம். சுண்டுவிரல் பருமனில், ஓர் அங்குல நீளத்தில் உருளையாக வெட்டுங்கள். முன்முகத்தைப் பிளேட்டால் கொஞ்சம் குழித்து விடுங்கள், இழுக்கும்போது அந்தக் குழிதான் தண்ணீரை அறைந்து சத்தம் எழுப்பும். முள் 1/0 அல்லது 2/0, இவை பெரிய முட்கள், ‘/0’ போட்ட எண்களில் மட்டும் எண் கூடினால் முள்ளும் பெருக்கும். முள்ளின் தண்டில் முதலில் நூலைச் சுற்றுங்கள், வெறும் இரும்பில் பசை நிற்காது. நுரையின் அடிப்பக்கத்தில் ஆழமில்லாத வெட்டு ஒன்று போட்டு, தண்டை அதற்குள் வைத்துச் சுப்பர் குளூவால் ஒட்டுங்கள். முள்ளின் நுனிக்கும் நுரைக்கும் இடையில் நல்ல இடைவெளி இருக்க வேண்டும். நுரை அந்த இடைவெளியை மறைத்தால் விரால் நூறு தரம் அடித்தாலும் முள் ஏறாது. பின்னால் நீளமான சேவல் இறகு நான்கைப் பக்கத்துக்கு இரண்டாக, வெளிப்பக்கம் வளைந்து நிற்கும்படி கட்டுங்கள். இழுத்தால் ஒடுங்கும், நிறுத்தினால் விரியும், தவளைக் காலின் அசைவு அதுதான்.

பாசியில் சிக்காமல் இருக்க ஒரு காவல் வேண்டும். முரட்டுத் தங்கூசித் துண்டு ஒன்றை முள்ளின் வளைவில் கட்டி, நுனிக்கு வெளியால் வளைத்துக் கொண்டுவந்து காதின் பின்னால் முடியுங்கள். இலை தட்டினால் அது தாங்கும், விரால் கவ்வினால் மடங்கும். கண் வரைவது உங்கள் விருப்பம். மீனுக்கு அது பொருட்டில்லை.

எறியும்போது அல்லி இலையின் மேலேயே விழட்டும். கொஞ்சம் பொறுத்து இலையிலிருந்து தண்ணீருக்கு இழுத்து விழுத்துங்கள். வட்டம் அடங்கும் வரை அசைக்காதீர்கள். அப்புறம் ஒரு சிறு வெட்டு இழுப்பு, மறுபடி ஓய்வு. விரால் பாயும்போது தண்ணீர் வெடிக்கும், அந்தச் சத்தத்தில் கை தானாக வெட்டி இழுக்கப் பார்க்கும். அடக்குங்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணி, தங்கூசி இறுகியதைக் கையில் உணர்ந்த பிறகே இழுங்கள். தவறிப் போனால் தூண்டிலை எடுக்க வேண்டாம். அப்படியே விட்டு மெல்ல ஆட்டுங்கள், விரால் திரும்பி வரும். மாட்டிய பிறகு தங்கூசி விட்டுக் கொடுக்கக் கூடாது, பாசிக்குள் நுழைந்தால் அது அதன் வீடு.

ஒரு வேண்டுகோள். மேல்நீரில் செந்நிறக் குஞ்சுகள் பந்தாகத் திரண்டு மேலும் கீழுமாக அலைவதைக் கண்டால், அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன என்று அர்த்தம். அந்த நேரம் என்ன போட்டாலும் அடிக்கும், பிடிப்பது மிக இலகு. பிடித்தால் அத்தனை குஞ்சும் மற்ற மீனுக்கு இரையாகிப் போகும். தயவுசெய்து அந்த இடத்தை விட்டு நகருங்கள்.

மற்ற மூன்றும்

மூன்றாவது, நுரை வெட்டுக்கிளி. செருப்பு நுரையின் மெல்லிய கீற்றை 10ஆம் எண் முள்ளில் கட்டி, பக்கத்துக்கு ஒரு காலாகச் சேவல் இறகின் தண்டை முடிச்சிட்டு மடக்கி வைத்தால் போதும். கறுப்பு நுரையில் இடுப்புக் கட்டினால் அதுவே எறும்பு. வயல் வாய்க்கால், துருசுக்குக் கீழே தண்ணீர் போகும் வழி, புல் சரிந்து நிற்கும் அலைகரை, இவைதான் இதற்கு இடம். போட்டுவிட்டுச் சும்மா மிதக்க விடுங்கள். கெண்டை பிடித்துக் கை பழக இதைப்போல் வேறில்லை, பிள்ளைகளோடு போகிறவர் இதிலிருந்தே தொடங்கலாம்.

நான்காவது, வெள்ளை மீன்குஞ்சு. பொப் கிளவுசர் என்ற அமெரிக்கர் 1980களில் செய்த வடிவம் இதற்குச் சரி: முள்ளின் தண்டில், காதுக்குக் கொஞ்சம் பின்னால், பாரமான இரண்டு குண்டுக்கண்கள், மேலும் கீழும் நீண்ட மயிர். கண்ணின் பாரத்தால் முள் தலைகீழாகத் திரும்பி நுனி மேல்நோக்கி நிற்கும், அடித்தளத்துக் குச்சியில் சிக்குவது குறையும். கோடையில் ஆறு வற்றி மடுக்களாக நிற்கும்போது, மடுவின் ஆழப்பக்கத்தில் இதை விட்டு விட்டு இழுங்கள். குறவையும் சின்ன விராலும் எடுக்கும். அளவு 4 அல்லது 6.

ஐந்தாவது, வூலி பகர் என்று விற்கும் கறுப்பு அல்லது பாசிப்பச்சைத் தூண்டில், அளவு 8. மெத்தென்ற வால், உடம்பு முழுக்கச் சுற்றிய இறகு. மீனின் கண்ணுக்கு அது அட்டையாகவும் இருக்கும், இறாலாகவும் இருக்கும். எது எடுபடும் என்று தெரியாத குளத்தில் இதைப் போட்டுப் பார்க்கலாம். இதைக் கட்டுவது கொஞ்சம் கை பழகிய பிறகு, முதலில் இரண்டு மூன்றை வாங்கிவிடுங்கள்.

கெளிறுக்கும் சுங்கானுக்கும் இறகுத் தூண்டில் சரிவராது. அவை இரவிலும் கலங்கலிலும் மணம் பிடித்துத் தின்கிறவை, மண்புழுதான் வேண்டும். தப்பித்தவறிச் சுங்கான் மாட்டினால் வெறுங்கையால் பிடிக்காதீர்கள். பக்கச் செட்டையின் முள்ளில் விஷம் உண்டு, குத்தினால் கடுமையாக வலிக்கும். குத்திவிட்டால் தோல் வெந்துவிடாத, பொறுக்கக்கூடிய சூட்டு நீரில் கையை வைத்திருங்கள், வலி குறையும். பிறகு ஆசுப்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள்.

முடிச்சும் முள்ளும்

தங்கூசியைக் காதில் நுழைத்து, முனையை மற்றத் தங்கூசியில் ஐந்து தரம் முறுக்குங்கள். காதுக்கு அருகே உருவான சிறு துவாரத்தால் முனையைத் திருப்பி விட்டு, எச்சில் தொட்டு நனைத்து மெதுவாக இறுக்குங்கள். நனைக்காமல் இழுத்தால் சூட்டில் தங்கூசி நலிந்து, பெரிய மீனில் அறும்.

முள்ளின் உட்கொக்கியைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். சின்ன மீனைக் காயமில்லாமல் விடலாம், உங்கள் விரலிலோ பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் காதிலோ ஏறினாலும் இலகுவாகக் கழற்றலாம். எறியுமுன் பின்னால் ஒரு தரம் திரும்பிப் பாருங்கள், குளக்கட்டில் எப்போதும் யாராவது சைக்கிளில் போவார்கள்.

ஒரு தூண்டிலை அரை மணித்தியாலமாவது போட்டுப் பார்த்த பிறகே மாற்றுங்கள். மாற்றும்போதும் முதலில் ஆழத்தை மாற்றுங்கள், அடுத்து இழுக்கும் வேகத்தை, அதன் பிறகுதான் தூண்டிலை. வீட்டுக்கு வந்ததும் நனைந்தவற்றைப் பெட்டிக்குள் மூடி வைக்காமல், ஒரு நுரைத்துண்டில் குத்தி நிழலில் காயவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த கிழமை துருப்பிடித்த முள்தான் இருக்கும்.